மஞ்சள் பூசிய விடைத்தாள்

குருநகர்ப் பெட்டை ஒருத்தி பரீட்சகருக்குச் சுறா கொடுத்துப் பட்டம் வாங்கிவிட்டாள் என்றொரு கதை யாழ்ப்பாணக் குடாநாட்டில் உலவுகிறது. திருநெல்வேலிச் சந்தையில் கேட்டால் அது ஒரேயொரு சுறா. கோப்பாய்க்குப் போய்ச் சேரும்போது கூடவே ஒரு கூறு இறாலும் சேர்ந்துவிடுகிறது. சாவகச்சேரி பஸ் நிலையத்திலோ பரீட்சகர் அந்தச் சுறாவை வறை வறுத்துத் தின்றுகொண்டே புள்ளி போட்டாராம். உறைப்பு அளவாக இருந்தபடியால் முதல் வகுப்பு, கொஞ்சம் கூடியிருந்தால் இரண்டாம் வகுப்புத்தானாம். மின்சாரம் போய் ஐந்து வருஷமாகிறது. பெற்றோலைக் கண்ணால் கண்டேன் என்பவர் சத்தியம் பண்ண வேண்டிய காலம். இந்த ஊரில் எரிபொருள் இல்லாமல் ஓடுகிற ஒரே வாகனம் வதந்திதான்.

விசாரித்துப் பார்த்தால், கதையில் முக்கால் பங்கு உண்மை. பெட்டை உண்மை. பெயர் பெர்னடெட், வயது இருபத்தெட்டு. பட்டமும் உண்மை, முதல் வகுப்பும் உண்மை. பரீட்சகர் வந்தார், சுறாவும் வந்தது. ஆனால் பரீட்சகர் அன்று தின்றது பாணும் பருப்பும். அது வெள்ளிக்கிழமை, மனிதர் சுத்த சைவம். மிச்சமுள்ள கால் பங்குதான் இந்தக் கதை.

பெர்னடெட்டின் தகப்பன் சிமியோன் பரவைக்கடலில் வலை போடுகிறவர். தாய் கத்தரீனா, தகப்பன் கொண்டுவருவதைப் பெட்டியில் சுமந்து விற்கிறவள். அந்த ஒழுங்கையில் பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை பெர்னடெட். எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம் அவள் விலங்கியல் படிக்கச் சேர்ந்தபோது, நாலு வருஷத்தில் முடிந்துவிடும் என்று விரிவுரையாளர் சொன்னார். அவர்மேல் பிழையில்லை. அவருக்கும் அப்படித்தான் யாரோ சொல்லியிருந்தார்கள்.

அதே வருஷம் ஐப்பசியில் இந்திய ஹெலிகொப்ரர்கள் வளாகத்து மைதானத்தில் வந்து இறங்கின. மாணவர் அடையாள அட்டை இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் ஒரு பலகை இருந்தது. மேலிருந்து வருகிறவர்களைப் பற்றி அந்தப் பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மைதானத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் அன்றிரவு நடந்ததைப் பகிடியாக எழுத முடியாது, ஆகையால் எழுதவில்லை. பிறகு மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். தொண்ணூறில் கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கியதும் குருநகர் சனம் சட்டி பானையோடு இடம்பெயர்ந்தது. பெர்னடெட் சட்டி தூக்கவில்லை. இரண்டு புத்தகங்களையும் வெட்டுக் கருவிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனாள். அரிசி காய்ச்சச் சட்டியில்லை என்று கத்தரீனா கோயில் மண்டபத்தில் மூன்று நாள் திட்டினாள். திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுக்கு இரண்டு சுவர் மிச்சம். அதன்மேல் ஓலை போட்டு, ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் நாலு சொட்டு மண்ணெண்ணெயும் விட்டு எரிகிற விளக்கில் அவள் தொடர்ந்து படித்தாள்.

அவளையும் சேர்த்து அந்த வகுப்பில் ஒன்பது பேர். இருவர் கொழும்புக்குப் போனார்கள். ஒருவர் கனடாவுக்கு. ஒருவர் எங்கே போனார் என்று வீட்டார் சொல்வதில்லை. இன்னொருவரின் படம் மதிலில் ஒட்டப்பட்டிருந்தது, மழையில் கிழியும்வரை. மிச்சம் நாலு பேர். இந்த நாலு பேரும் தொண்ணூற்றுநாலு மாசிவரை இறுதிப் பரீட்சையின் வாசலில் நின்றார்கள். எழுத்துப் பரீட்சை ஒருவாறு முடிந்துவிட்டது. செய்முறைப் பரீட்சை மட்டும் பாக்கி. அதற்கு வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பரீட்சகர் வரவேண்டும். தரைப்பாதை அடைத்துக் கிடந்ததால், கடற்படைச் சூட்டுக்குத் தப்பி அவர் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து வரவேண்டும். முதல் முறை புறப்பட்டவர் கரையோடு திரும்பினார். இரண்டாம் முறை வர ஒப்புக்கொண்டவர் வீட்டார் சொல்லைக் கேட்டு மனம் மாறினார். மூன்றாவதாக ஒருவர், வயதில் இளையவர், உண்மையாகவே வருகிறேன் என்று தகவல் அனுப்பினார். வியாழன் வந்து, வெள்ளி பரீட்சை எடுத்து, சனி திரும்புவார். அதைத் தவறவிட்டால் அடுத்தவர் எப்போது கிடைப்பார் என்று கடலுக்கும் தெரியாது.

பரீட்சகர் கிடைத்துவிட்டார், சுறா கிடைக்கவில்லை. சுறாவை வெட்டிப் பிரித்துக் காட்டுவதுதான் பரீட்சை. முன்னொரு காலத்தில் ஆய்வுகூடத் தொட்டியில் மருந்து விட்டுச் சுறாக்களை ஊறப்போட்டு வைத்திருந்தார்கள். மருந்து வருவது நின்றதும் அவை ஒவ்வொன்றாகப் பழுதாகிப்போயின. கடைசிச் சுறாவை மூன்று வருஷ மாணவர்கள் மாறி மாறி வெட்டி, அது பழைய துணிபோலக் கிடந்தது.

இதற்குத் துறையின் மூத்த விரிவுரையாளர் கனகசபாபதி ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் தெற்கிலே படிப்பித்துக்கொண்டிருந்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்தபோது கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அகப்பட்டது பரீட்சை விதிக்கோவை. அகதிக் கப்பலில் அதைத் தலைக்கு வைத்துப் படுத்து வந்தவர். அன்றிலிருந்து அவருக்கு உலகத்தில் இடிந்துபோகாத ஒரே கட்டடம் அந்தப் புத்தகம்தான்.

"சுறா இல்லாட்டி என்ன, சுறாவின்ரை படத்தைக் கீறட்டும்," என்றார் அவர். "உள்ளுறுப்புகளை நிறம் தீட்டிக் குறிச்சால் காணும்."

மற்ற மூன்று பேரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். பெர்னடெட் எழும்பினாள்.

"படம் கீறிப் பட்டம் எடுத்தவள் எண்டு காலம் முழுக்கச் சொல்லுவாங்கள் சேர். நான் கீறமாட்டன்."

"அப்ப சுறாவுக்கு எங்கை போறது பிள்ளை? கடல்தான் இல்லையே."

"கடல் இருக்கு சேர். சுறாவும் இருக்கு. எங்களைத்தான் போகவிடாமல் வைச்சிருக்கினம். நாலு சுறா நான் கொண்டு வாறன்."

வாய்விட்டுச் சொல்லியாயிற்று. கிழமை முடிவதற்குள் நாலு சுறா. அந்த நாட்களில் குருநகர் மீனவருக்குக் கடல் என்பது முழங்கால் அளவுத் தண்ணீர். அதற்கு அப்பால் போனால் மண்டைதீவிலிருந்து கடற்படை சுடும். சிமியோன் அந்த முழங்கால் தண்ணீருக்குள் நண்டும் திரளியும் பொறுக்கிக்கொண்டிருந்தார். சுறா வேண்டுமென்றால் அதற்கு அப்பால் போகிற ஓர் ஆளைப் பிடிக்கவேண்டும். அப்படி ஒரு ஆள்தான் இருந்தான். பக்கத்து வளவு சூசைதாசன். சூடு படாத இடம் எது என்று அவனுக்குத் தெரியும் என்பார்கள். படாதவரைக்கும் தெரியும் என்பான் அவன்.

பெர்னடெட் கரைக்குப் போனாள். வலை தெரிந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஐந்தாறு பேருக்கு நடுவில் நின்று கேட்டாள்.

"சூசையண்ணை, எனக்கு வெள்ளிக்கிழமைக்கு நாலு சுறா வேணும்."

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறா வறை கொடுப்பது அந்த ஊர் வழக்கம். சுறா தேடுகிற வீட்டில் பிள்ளைப்பேறு என்று அர்த்தம். வலைக்குள்ளிருந்து ஒருவன் தலையைத் தூக்கினான்.

"நாலோ? ஆருக்கடி பிள்ளைப்பேறு?"

"எனக்குத்தான்," என்றாள் பெர்னடெட். "ஏழு வருஷமாய்ச் சுமக்கிறன். வெள்ளிக்கிழமை பெறவேணும்."

கரை முழுக்கச் சிரித்தது. சூசைதாசன் மட்டும் சிரிக்காமல் கணக்குப் பார்த்தான். அவனுடைய மனைவி லூர்த்தம்மா அந்தப் புதன்கிழமைதான் ஆண்பிள்ளை ஒன்று பெற்றிருந்தாள். சுறா அவனுக்கும் தேவை.

"வெட்டிப்போட்டு என்ன செய்வியள்?" என்று கேட்டான்.

"உள்ளுக்கு இருக்கிறதைப் பாப்பம்."

"திண்ணமாட்டியளோ?"

"இல்லை."

"அப்ப இரவல் தாறன். பாத்துப்போட்டுத் திருப்பித் தா. மூண்டு சொல்லிவைச்ச ஆக்களுக்கு, பெரியது லூர்த்துவுக்கு, அது பத்திரம்."

மீனை இரவல் கொடுத்த முதல் மனிதன் அவனாகத்தான் இருக்கவேண்டும். வெள்ளி விடியற்புறம் அவன் சொன்னபடி நாலு பால்சுறாவோடு கரை ஏறினான். பெர்னடெட் அதற்கு முன்பே சைக்கிளில் புறப்பட்டுவிட்டாள். தட்டுக் கழுவவும், மழுங்கிய கத்திகளுக்குப் பதில் சவர அலகை இரண்டாக முறித்து வைக்கவும் அவளுக்கு வேலை இருந்தது. சுறாவைத் தாய் கொண்டுவருவாள் என்று ஏற்பாடு.

இங்கேதான் பிழை நடந்தது. பிழை என்று சொன்னால் கத்தரீனா இன்றைக்கும் சண்டைக்கு வருவாள். முப்பது வருஷம் மீன் விற்ற மனுசி அவள். பெரிய மனிதர் வீட்டுக்கு ஒரு மீனை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்ததாக அவள்மேல் ஒரு சொல் கிடையாது. அதிலும் சுறா. குடலை எடுக்காமல் வைத்தால் வெயில் ஏற மூத்திர வாடை அடிக்கத் தொடங்கிவிடும். மகள் ஏழு வருஷம் படித்த இடத்துக்கு, பேராசிரியர்மார் முகத்துக்கு முன்னால், நாறின மீனோ? கரையிலேயே குந்தியிருந்து நாலையும் வயிறு கீறித் துடைத்தாள். செட்டைகளை நறுக்கினாள். உப்பும் மஞ்சளும் போட்டு உரஞ்சிக் கழுவினாள். தலையை மட்டும் தொடவில்லை. தலை இல்லாத மீனைச் சனம் நம்பாது.

பத்து மணிக்கு ஆய்வுகூடத்தில் பெட்டியைத் திறந்தபோது நாலு சுறாவும் கலியாணத்துக்குக் குளித்து வந்ததுபோல மஞ்சளாக மினுங்கின.

பரீட்சை வினாத்தாளைக் கனகசபாபதி முத்திரை உடைத்து வாசித்தார். தரப்பட்ட விலங்கின் சமிபாட்டுத் தொகுதியை வெட்டிக் காட்டுக. பிறகு சுறாவைப் புரட்டிப் பார்த்தார். வயிற்றுக்குள் அவருடைய விரல் மறுபக்கம்வரை தடையில்லாமல் போய் வந்தது.

"சமிபாட்டுத் தொகுதி எங்கை?"

பெர்னடெட் வெளியே ஓடினாள். கத்தரீனா வேப்பமரத்தடியில் வெறும் பெட்டிக்காகக் காத்திருந்தாள்.

"அம்மா, குடல் எங்கை?"

"என்ன குடல்?"

"சுறாவின்ரை குடல். ஈரல். வயித்துக்குள்ளை கிடந்ததெல்லாம்."

"ஈரலை விளக்குக்கு எண்ணெய் எடுக்க வைச்சிருக்கிறன். மற்றதைக் காகம் கொண்டுபோட்டுது." கத்தரீனாவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "ஏன், இவ்வளவு படிச்ச ஆக்கள் குடலையோ பாக்கிறவை?"

"ஓமம்மா."

"மீனிலை எவ்வளவு நல்ல இடம் கிடக்கு, குடலையோ?" என்றாள் கத்தரீனா. பல்கலைக்கழகத்தின்மேல் அவளுக்கு இருந்த மதிப்பில் அன்று ஒரு பங்கு குறைந்தது. அது இன்னும் திரும்பி வரவில்லை.

உள்ளே கனகசபாபதி விதிக்கோவையைப் புரட்டி முடித்திருந்தார். மாதிரி பழுதடைந்திருந்தால் பரீட்சை ஒத்திவைக்கப்படும் என்று ஒரு விதி இருந்தது. அதை இரண்டு தரம் வாசித்தார். பரீட்சகர் வள்ளத்தில் சப்பாத்து நனைந்துபோய், இரவல் செருப்போடு நின்றார். அடுத்த நாள் அவர் போகவேண்டும். போகத்தான் வேண்டும்.

"ஒத்திவைக்கேலாது சேர்," என்றாள் பெர்னடெட்.

"விதியிலை இருக்கு பிள்ளை."

"இருக்கட்டும். ஏழு வருஷமாய் எங்கடை பரீட்சையை ஆர் ஆர் ஒத்திவைச்சது எண்டு பாருங்கோ. வானத்திலை வந்தவன் ஒத்திவைச்சான். நிலத்திலை வந்தவன் ஒத்திவைச்சான். கோட்டைக்குள்ளை இருந்தவனும் வெளியிலை நிண்டவனும் சேந்து ஒத்திவைச்சாங்கள். எல்லாத்துக்கும் பேசாமல் இருந்தம். இண்டைக்கு ஒரு மீன் குடலுக்காக ஒத்திவைக்க நான் விடமாட்டன்."

"அப்ப எதை வெட்டப் போறீர்?"

"தலை இருக்கு. மண்டை நரம்பைக் கேளுங்கோ."

 சுறாவின் மண்டை நரம்பு என்பது விலங்கியல் மாணவர் கனவில் வந்து பயமுறுத்துகிற பகுதி. நூலைவிட மெல்லிய நரம்புகளை எலும்பல்லாத குருத்தெலும்பைச் சீவிச் சீவிக் கண்டெடுக்கவேண்டும். ஒரு சீவல் கூடினால் நரம்பும் போச்சு, புள்ளியும் போச்சு. கோப்பாய்த் தவபாலன், நாலு பேரில் ஒருவன், தோட்டக்கார வீட்டுப் பிள்ளை, பிறந்தது முதல் மீன் வாயில் வைக்காதவன், வெளிறிப்போனான்.

"உமக்கென்ன, நீர் சொல்லுவீர்," என்றான் அவன் மெல்ல. "உங்கடை வீட்டிலை தினம் சுறாத்தலை. நாங்கள் படத்திலை மட்டும்தான் பாத்தனாங்கள்."

"நானும் படத்திலைதான் பாத்தனான். எங்கடை வீட்டிலை தலை சொதிக்குப் போகும், நரம்பு எண்ணுறேல்லை."

"பிழைச்சால்?"

"பிழைச்சால் பிழைச்சதாய் இருக்கட்டும். எழுதிப் பிழைப்பம். எழுதாமல் ஏன் பிழைக்கவேணும்?"

தவபாலன் சுறாவைப் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான். அடுத்த வருஷம் தான் எங்கே இருப்பான் என்று யோசித்திருக்கவேண்டும். "சரி," என்றான். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

பரீட்சகர் அப்போதுதான் முதல்முறை வாய் திறந்தார். மாற்று வினாவைத் தானே எழுதிக் கையொப்பம் இடுவதாகவும், பொறுப்பு தன்னுடையது என்றும் சொன்னார். கனகசபாபதி விதிக்கோவையை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சம்மதித்தார்.

வெட்டத் தொடங்கினார்கள். பெர்னடெட் அரை அலகால் கண்ணுக்குப் பின்னாலிருந்து சீவினாள். மஞ்சள் தோலுக்குக் கீழே வெண்மை. அதற்குள் இன்னும் வெண்மையாக ஒரு கோடு. ஐந்தாவது நரம்பு அவளுக்குப் படத்தில் இருந்த இடத்திலேயே அகப்பட்டது. அந்தக் கணத்தில் அவள் சிரித்ததாகத் தவபாலன் சொல்கிறான். நரம்பு அகப்பட்ட சந்தோஷத்தில் சிரித்த ஆளை அதற்கு முன்னும் பின்னும் அவன் கண்டதில்லை.

பாதியில் குண்டு போடுகிற பொம்பர் வந்தது. இரண்டு தரம் சுற்றிவிட்டுத் தாழ்ந்தது. எல்லோரும் பதுங்குகுழிப் பங்கருக்கு ஓடவேண்டியதுதான். ஆனால் விடைத்தாளை மேசையில் விட்டுவிட்டு மாணவர் வெளியேறக்கூடாது என்பது விதி. இந்த விடைத்தாளை விட்டுப் போனால் பூனையும் தின்றுவிடும். ஆகவே நாலு பேரும் தட்டோடு சுறாவை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஓடினார்கள். கனகசபாபதி பின்னால் ஓடிவந்தார்.

"கதைக்கப்படாது. பங்கருக்குள்ளையும் பரீட்சை நடக்குது, கதைக்கப்படாது."

பங்கருக்குள் ஏற்கெனவே தெருவில் போன சனம் நிரம்பியிருந்தது. அதிலே ஒரு கீரைக்காரி. இருட்டுக்குள் மூக்கை நீட்டி மணந்து பார்த்தாள்.

"பால்சுறா போலை கிடக்கு. என்ன விலை தங்கச்சி?"

பெர்னடெட் வாயை மூடிக்கொண்டாள்.

"கேக்கிறன், பேசாமல் நிக்கிறாய். விக்கிறேல்லையோ?"

"அவையோடை கதைக்கக்கூடாது," என்றார் கனகசபாபதி.

"ஏன், நீங்களோ முதலாளி?"

எங்கோ தூரத்தில் குண்டு விழுந்தது. மண் பொலபொலவென்று கொட்டியது. பெர்னடெட் குனிந்து தன் முதுகைக் கூரையாக்கிச் சுறாத்தலையை மூடிக்கொண்டாள். மண் முழுக்க அவளுடைய கழுத்துக்குள் போனது. விடைத்தாளில் ஒரு துளி விழவில்லை.

"உவ்வளவு பத்திரமாய் வைச்சிருக்கிறாள், நல்ல விலை சொல்லப்போறாள்," என்று கீரைக்காரி பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னாள்.

திரும்பி வந்து மிச்சத்தை முடித்தார்கள். தவபாலன் இரண்டு நரம்பை அறுத்துவிட்டான். மற்றவை தெரிந்தன. பெர்னடெட் கேட்ட அளவோடு நிறுத்தவில்லை. பத்தாவது நரம்பில் ஒரு கிளை தலையை விட்டுப் புறப்பட்டு, விலாவழியே வால்நோக்கி ஓடுகிறது. அதை அவள் விடாமல் பின்தொடர்ந்தாள். கத்தரீனா துடைத்த வயிற்றுக்கு மேலாக, நறுக்கிய செட்டையைத் தாண்டி, வாலுக்குக் கிட்டவரை. நேரம் முடிந்தபோது சுறாவின் ஒரு பக்கம் முழுவதும் ஒரு வெள்ளை நூல் அறுபடாமல் கிடந்தது.

பரீட்சகர் பூதக்கண்ணாடியை வைத்து அந்த நூலோடு தலையிலிருந்து வால்வரை நடந்தார்.

"இவ்வளவு தூரம் போகச் சொல்லி நான் கேக்கேல்லையே," என்றார்.

"ஓம் சேர். பாதியிலை நிப்பாட்ட மனம் வரேல்லை."

அவர் புள்ளித்தாளில் எழுதினார். எழுதியதைப் பார்த்துக் கனகசபாபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எல்லாம் முடிந்தது என்று சுறாக்களைப் பெட்டியில் போடப் போனபோது கனகசபாபதி மறித்தார். பெறுபேறு வெளியாகி, மேன்முறையீட்டுக் காலம் முடியும்வரை விடைத்தாள்களைப் பாதுகாக்கவேண்டும் என்பது விதி. அழியக்கூடாது, கைமாறக்கூடாது, பூட்டி வைக்கவேண்டும்.

"இது நாறும் சேர்," என்றான் தவபாலன்.

"உப்புப் போட்டுக் கருவாடாக்கலாம்," என்றாள் பெர்னடெட். "ஆனா இரவல் மீன் சேர். திருப்பிக் குடுக்கவேணும். கேள்வி தலையிலைதானே? தலையை வைச்சிருங்கோ, உடலைத் தாங்கோ."

கனகசபாபதி விதிக்கோவையை மறுபடி புரட்டி, கேள்விக்கு உட்படாத பகுதி விடைத்தாள் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். மூன்று சுறாக்களின் தலையை வெட்டி எடுத்து உடல்களைப் பெட்டியில் போட்டார்கள். நாலாவது பெர்னடெட்டுடையது. அதுதான் பெரியது. கத்தியைத் தலைக்குப் பின்னால் வைத்தவளின் கை அப்படியே நின்றது. வெட்டினால் நூல் அறும். அந்த வெள்ளை நூல்தான் முதல் வகுப்பு. மேலிடத்தில் யாராவது வேண்டாதவன் புள்ளி கூடிப்போச்சு என்று கேட்டால் காட்டுவதற்கு அவளிடம் வேறொன்றும் இல்லை.

கத்தியை எடுத்துவிட்டாள்.

"இதை முழுசாய் வையுங்கோ சேர்," என்றாள்.

நாலு விடைத்தாளையும் உப்பில் புதைத்து, காயவைத்து, சுட்டெண் எழுதிய துண்டு கட்டி, அரக்கு முத்திரை வைத்து அலுமாரியில் பூட்டினார்கள். பட்டப் பரீட்சை விடைகளைக் கருவாடாக்கி வைத்த துறை உலகத்தில் வேறெங்கும் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. கேள்விப்பட்டு வெளிநாட்டு நிபுணர்கள் வந்து பார்த்துப் போகவும் இல்லை. கடல் அடைத்திருந்தது.

அன்று பின்னேரம் சூசைதாசன் பெட்டியைத் திறந்து பார்த்தான். தலையில்லாத மூன்று.

"பெரியது எங்கை?"

"அங்கை வைச்சிட்டினம், சூசையண்ணை."

"ஆர் வைச்சது? வந்த பெரிய மனிசனோ?"

"இல்லையண்ணை, அலுமாரியிலை."

"அலுமாரியிலை மீனோ?" என்றான் சூசைதாசன். அவன் நம்பவில்லை. நம்பும்படியாகவும் இல்லை. கரையில் நின்ற ஐந்தாறு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வதந்தி பிறந்த இடம் இதுதான். பெரிய சுறா போனது, திரும்பி வரவில்லை, வந்த மனிதர் முதல் வகுப்புக் கொடுத்தார். இதைக் கூட்டிப் பார்க்க யாருக்கும் சிறப்புப் பட்டம் தேவையில்லை.

பெறுபேறு மார்கழியில் வந்தது. அடுத்த மாதமே அவளுக்கு அதே துறையில் தற்காலிகச் செய்முறை உதவியாளர் வேலை கிடைத்ததும் கதைக்கு இறக்கை முளைத்தது. திருநெல்வேலிச் சந்தியில் ஒருநாள் சைக்கிளை மறித்து ஒரு கனவான், "பிள்ளை, சுறா குடுத்துத்தான் எண்டு சனம் கதைக்குது," என்றார், அக்கறையோடு. அக்கறை உள்ளவர்கள்தான் இப்படியான வேலையைச் செய்வார்கள்.

மறுத்துச் சொல்ல அவளுக்குப் போதிய விஷயம் இருந்தது. பங்கரைச் சொல்லலாம், நூலைச் சொல்லலாம், அலுமாரியைத் திறந்தே காட்டலாம். அவள் ஒன்றும் செய்யவில்லை.

"ஓம் ஐயா, சுறா குடுத்துத்தான் வாங்கினனான்," என்றாள். "சூட்டுக்குள்ளை போய்ப் பிடிச்ச சுறா. அதோடை ஏழு வருஷமும் குடுத்தனான். உங்கடை மகன் என்ன குடுத்தவர்?"

கனவானின் மகன் வெளிநாட்டில் படிக்கிறான். அவர் சைக்கிளை விட்டார்.

ஊருக்கு அப்படிப் பதில் சொன்னவள் ஒரேயொரு வாசலை மட்டும் சுற்றிக்கொண்டு போனாள். லூர்த்தம்மாவின் வாசல். இந்த வருஷம் தையில் சமாதானம் வந்து கடலைக் கொஞ்சம் திறந்துவிட்டார்கள். சிமியோன் வெளியே போய் முதல் வாரமே ஒரு பால்சுறா கொண்டுவந்தார். பெர்னடெட் அதைத் தூக்கிக்கொண்டு நேரே அந்த வாசலுக்குப் போனாள். லூர்த்தம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுறாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்ப இது என்னத்துக்கு? இவன் சோறு தின்னத் தொடங்கிட்டான்."

"கடன் அக்கா. வைச்சுக்கொள்ளுங்கோ."

"தேவைப்பட்ட நேரம் தராமல், இப்ப கறிக்குக் கொண்டு வந்து கடன் எண்டுறாய். கொண்டுபோ. கேக்கிற நேரம் கேப்பன், அப்ப தா."

சித்திரையில் சமாதானம் முடிந்தது. கடல் மறுபடியும் முழங்கால் அளவுக்குச் சுருங்கியது. ஆனியில் லூர்த்தம்மா மதிலுக்கு மேலால் பெர்னடெட்டைக் கூப்பிட்டாள். வயிறு மதிலுக்கு மேலே தெரிந்தது.

"ஆவணிக்கு நாள் சொல்லியிருக்கினம்," என்றாள். "இப்ப கேக்கிறன்."

"கடல் அடைச்சுக் கிடக்கக்கா."

"அப்பவும் அடைச்சுத்தான் கிடந்தது. அப்ப எப்பிடிப் போனது?"

 "சரியக்கா," என்றாள்.

"ஒண்டுதான். வட்டி வேண்டாம்," என்றாள் லூர்த்தம்மா. "ஆனா உங்கடை அம்மா கையிலை குடுத்துவிடாதை. குடலோடை கொண்டு வா, என்ன கிடக்கெண்டு நானும் ஒருக்காப் பாப்பம்."

ஆவணி பிறந்து இன்றைக்கு ஆறாம் நாள். சுறா இன்னும் வரவில்லை.